ஒரே நோட்டில் அப்பாவும் மகளும்: ஆர்ட் ஜர்னல் பற்றி ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

கேள்வி, பிப்ரவரி 27

மகளுக்கு எட்டு வயது. இருவரும் சேர்ந்து ஆர்ட் ஜர்னல், அதாவது படமும் எழுத்தும் கலந்த நாட்குறிப்பு, போடலாம் என்று நல்ல நோட்டு, பிரஷ், வாட்டர்கலர் எல்லாம் வாங்கினேன். சில பக்கங்களோடு நின்றுவிட்டது. நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு அழகா வருது, எனக்கு வரலை" என்று மூடிவைத்துவிட்டாள். இதற்கெல்லாம் கலைஞர் குடும்பமாக இருந்தால்தான் சரிப்படும் போலிருக்கிறது. யாராவது விடாமல் செய்கிறீர்களா?

பதில், பிப்ரவரி 27, இரவு 11.40

இங்கே சிங்கப்பூரில், எங்கள் வீட்டில் இது ஓடுகிறது. நான் மாடு வரைந்தால் நாய் வரும், அந்த லட்சணத்தில்தான் என் திறமை.

மகள் தொடக்கநிலை 4. எனக்கு ஷிஃப்ட் வேலை. பாதி வாரம் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் கிளம்பும்போது அவள் துணைப்பாட வகுப்பில் இருப்பாள். நோட்டு சாப்பாட்டு மேசையில் கிடக்கும். அவள் ஒரு பக்கம் போட்டு வைப்பாள், நான் வந்து எதிர்ப்பக்கத்தில் பதில் போடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வரைவது அபூர்வம். ஒருவேளை அதனால்தான் ஓடுகிறதோ என்னவோ. பக்கத்தில் இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. "மூக்கு எங்கம்மா?" "வானம் ஏன் பச்சை?"

ஒரே ஒரு சட்டம் உண்டு. அவள் பக்கத்தில் நான் பென்சில் வைக்கக் கூடாது. என் பக்கத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒருதலைப்பட்சம்தான். சட்டம் போட்டது அவள்.

பிப்ரவரி 28

கேட்டவருக்கு இன்னொன்று. நீங்கள் நன்றாக வரைபவர் என்றால் அதுதான் சிக்கல். ஓவியப் பள்ளிகளில் ஒரு பயிற்சி தருவார்கள்: எதிரில் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும், தாளைப் பார்க்கக் கூடாது, பென்சிலைத் தூக்கவும் கூடாது. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் காது கன்னத்தில்தான் போய் உட்காரும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் இப்படி வரைந்தோம். என் தாடி நெற்றியில் முளைத்திருந்தது. அவள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, மனைவி தண்ணீரோடு ஓடிவந்தாள். அதற்குப் பிறகு "எனக்கு வரலை" என்ற பேச்சு குறைந்தது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 2

தாள் பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள்.

பள்ளிப் பயிற்சி நோட்டின் தாள் பெரும்பாலும் 70, 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் அத்தனை கிராம் எடை. வாட்டர்கலருக்கென்று விற்கும் தாள் வழக்கமாக 300. 80-இல் தண்ணீர் வைத்தால் தாள் ஊறிய அப்பளம்தான். 300-இல் நோட்டுப் போட்டால் பக்கங்கள் குறைவு, விலை அதிகம், ஒவ்வொரு பக்கமும் "என்னைக் கெடுத்துவிடாதே" என்று முறைக்கும். பிள்ளைக்கும் பயம், நமக்கும் பயம். பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் ஓவியச் சாமான் விற்கும் கடைக்குப் போய், எல்லா வகைச் சாயத்துக்கும் பொதுவான 200 ஜிஎஸ்எம் நோட்டு ஒன்றை, சுருள் கம்பி பைண்டிங்கில் எடுத்தோம். இலை, ரசீது என்று ஒட்ட ஒட்ட நோட்டு தடிக்கும். கம்பி என்றால் தாங்கும், தைத்த முதுகு என்றால் பிய்ந்துவிடும்.

மார்ச் 3

நேற்று விட்டுப்போனது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், நடுப்பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். இரவில் போட்ட பக்கம் காலையிலும் சில்லென்று இருக்கும். மூடாமல், மின்விசிறிக்குக் கீழே விரித்து வையுங்கள்.

அக்ரிலிக் போட்டால் இன்னும் மோசம். காய்ந்த பிறகும் அது ஒருவகை பிளாஸ்டிக் படலம்தான். சூட்டில் இளகி எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் என் முகம் அவள் பூனையோடு போய்விடும். நடுவில், கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் ஒரு துண்டு வைத்தால் போதும்.

மார்ச் 8

இன்று கொஞ்சம் நீளம்.

மகள் குடும்பப் படம் வரைந்திருந்தாள். அப்பா, அம்மா, பாட்டி, அவள், சோபா. நான்கு பேருக்கும் ஒரே வெளிர் ரோஸ் நிற முகம். அவள் வகுப்பில் அந்தக் கிரேயானுக்கு "ஸ்கின் கலர்" என்றே பேர். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை எல்லாரும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். ("கொஞ்சம் ஸ்கின் கலர் குடு லா.") கிரேயோலா நிறுவனமே அந்த நிறத்துக்குச் சதை என்று வைத்திருந்த பேரை 1962-இல் பீச் பழத்தின் பேருக்கு மாற்றிவிட்டது. 2020-இல் உலகத்துத் தோல் நிறங்கள் என்று 24 கிரேயான் கொண்ட பெட்டியும் கொண்டுவந்தது. வகுப்பறைக்குச் சேதி இன்னும் வரவில்லை.

எதிர்ப்பக்கத்தில் என் முகத்தை என் நிறத்தில் போட்டேன். பிரசங்கம் எதுவும் எழுதவில்லை. மறுநாள் அவள் கேட்டாள்: "ஏன்ப்பா இவ்ளோ டார்க்கா போட்டுட்டீங்க?"

அன்று எனக்கு ஓய்வு நாள். சமையலறை டியூப் லைட்டுக்குக் கீழே என் முழங்கையையும் அவள் முழங்கையையும் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் கலக்க ஆரம்பித்தோம். அவள் கை எடுத்தவுடன் கறுப்புக்குத்தான் போனது. கறுப்பு கலந்தால் தோல் செத்துப்போகும், சாம்பல் பூசின மாதிரி. ஆரஞ்சில் துளி நீலம் விட்டால் பழுப்பு வரும். அதில் மஞ்சளைக் கூட்டினால் அவள், நீலத்தையும் சிவப்பையும் கூட்டினால் நான். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்) டியூப் இருந்தால் வேலை சுலபம், ஆனால் ஆரஞ்சிலிருந்து பழுப்பு பிறப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த குஷி டியூபில் கிடைக்காது.

அப்புறம்தான் வேடிக்கை. என் புறங்கை ஒரு நிறம், உள்ளங்கை ஒரு நிறம், கைக்கடிகாரத்துக்குக் கீழே மூன்றாவது நிறம். அவள் விடவில்லை. பாட்டியை எழுப்பி உட்காரவைத்தாள். அந்தப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே தலைப்பு: "அப்பா கை மேல", "அப்பா வாட்ச் உள்ள", "அம்மா கழுத்து", "பாட்டி முட்டி". பாட்டி முட்டிக்குத்தான் எல்லாவற்றிலும் அதிகக் கலவை, ஊதா கூட இருக்கிறது.

பழைய குடும்பப் படத்தை அவள் திருத்தவில்லை. ரோஸ் முகங்கள் அப்படியே இருக்கின்றன. நானும் கேட்கவில்லை.

மார்ச் 9

"இதை நீங்களே முன்னாடி உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே" என்று எழுதியவருக்கு: சொல்லியிருந்தால் "சரிப்பா" என்றிருப்பாள். பிள்ளைகளின் "சரிப்பா" எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

மார்ச் 17

பள்ளி விடுமுறை. கடைச் சாயம் தீர்ந்துபோனதால் சமையலறையில் இறங்கினோம்.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் கண்ணைப் பறிக்கும். அதன்மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைத் துளி நீரில் கரைத்துத் தொட்டால் அந்த இடம் மட்டும் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடப்பது அதேதான், ஆனால் தாளில், பிரஷ் போகும் வழியெல்லாம் நிறம் மாறுவதைப் பார்க்கும்போது எனக்கே வாய் பிளந்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் பட்டால் நிறம் மாறும். சுண்ணாம்பு கையைக் கடிக்கும் என்பதால் அதை நான் மட்டும் தொட்டேன். சமையல் சோடா கரைசலில் சிவப்பு கொஞ்சம் மங்கல், ஆனால் பிள்ளை கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

ஒரு குறை: மஞ்சள் வெயிலில் நிற்காது. சன்னல் ஓரம் வைத்தால் வெளுத்துவிடும். மூடிய நோட்டுக்குள் என்றால் பரவாயில்லை.

பழுப்புக்குக் காப்பி. காப்பிக்கடையில் கோப்பி-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) வாங்கி, ஒரு கரண்டியைத் தனியே எடுத்து வற்றவைத்தால் அருமையான நிறம். மீதியைக் குடித்துவிடலாம், இந்த ஒரு சாயத்துக்குத்தான் அந்த வசதி.

மார்ச் 18

கோசோங் என்று ஏன் அழுத்திச் சொன்னேன் என்று கேட்டிருக்கிறார்கள். சர்க்கரை போட்ட காப்பியில் வரைந்து பாருங்கள். பக்கம் காயவே காயாது, எறும்பு வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டு எறும்பு பன்னிரண்டாவது மாடிக்கும் வரும்.

மைலோ சாக்லேட் பானத்திலும் வரையலாமா என்றால், அதற்கும் இதே பதில்.

மார்ச் 23

யாரோ புள்ளி போட்ட நோட்டு பற்றிக் கேட்டீர்கள், புல்லட் ஜர்னல் என்கிற திட்டக் குறிப்பேட்டுக்கு விற்கிறார்களே, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் மங்கலாகப் புள்ளி வைத்தது. மகளுக்கு யாரோ அதைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார்கள். வாரத் திட்டம், கட்டம், டிக் அடிப்பது என்று ஆரம்பித்து அலுத்துப்போய் மேசையில் கிடந்தது.

என் அம்மா, அதாவது மகளின் பாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு இவ்ளோ புள்ளி வச்சிட்டுக் கோலம் போடாம விட்டது?"

அவ்வளவுதான். பேனா வாங்கி உட்கார்ந்துவிட்டார். முதலில் நேர்ப்புள்ளி, பிறகு சிக்குக் கோலம். ஊடுபுள்ளிக்கு வந்தபோதுதான் தகராறு. நோட்டில் புள்ளிகள் சதுரமாக நிற்கின்றன, ஊடுபுள்ளிக்கு ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசைப் புள்ளிகளின் நடுவில் விழ வேண்டும். மகள்தான் வழி கண்டாள்: ஒன்று விட்டு ஒன்று எடுத்துக்கொள், ஒரு வரிசையை விட்டு அடுத்ததில் ஒரு புள்ளி தள்ளி ஆரம்பி. கோலம் சற்றே நெட்டையாக வருகிறது, மற்றபடி சரி. ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் ஊடுபுள்ளிக்கு நடு வரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37. அதை அவள் கூட்டிச் சொன்னதும் அம்மா "நான் ஒருநாளும் எண்ணினதே இல்லையே" என்றார்.

இப்போது நோட்டில் மூன்று பேர். வாசலில் கோலமாவு போட இடமில்லை என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவர் அம்மா. தாழ்வாரத்தில் ஸ்டிக்கர் கோலம்தான் ஒட்டியிருக்கிறோம். அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

ஏப்ரல் 5

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் நோட்டைத் திறந்தால், அவள் பக்கம் பாதியாக மடிக்கப்பட்டு, சுற்றிலும் பூனை படம் போட்ட வாஷி டேப் (அலங்காரக் காகித டேப்) ஒட்டியிருந்தது. மேலே பென்சிலில் "நோ". வேறு எதுவும் இல்லை.

மனைவி நோட்டைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். 200 ஜிஎஸ்எம், ஒன்றும் தெரியவில்லை. டேப்பை மெதுவாக உரிக்கலாம், திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்றாள். உண்மைதான், வாஷி டேப்பின் பெருமையே அதுதான். வேண்டாம் என்றேன். எனக்கும் கை துறுதுறுத்தது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கதவு வரைந்தேன். பெரிய பூட்டு, வெளியே மைலோ குவளையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த நாள் பார்த்தால் என் கதவில் சாவித்துவாரம் வந்திருந்தது, அதற்குள் ஒரு கண்.

சேர்ந்து ஒரு நோட்டு என்று நாம் சொல்வதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது என்று அன்று தோன்றியது. அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்காமலே தெரிந்துகொள்ள நமக்குச் சௌகரியமான வழி அது. அவளுக்கும் அது தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 6

இங்கே எழுதும் ஆசிரியை ஒருவர் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை: "பள்ளியில் யாராவது துன்புறுத்தி, அதை அவள் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தால்?"

நேற்று இருந்த உறுதி இன்று இல்லை. திறக்கவே மாட்டேன் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு அது முழுப் பதில் ஆகாது. திறந்து பார்த்துவிட்டுத் தெரியாத மாதிரி இருப்பது அதைவிட மோசம். பிள்ளைகளுக்கு நம் முகத்தைப் படிக்க நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 9

பேசினோம். நேரில், பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே. பூனை டேப் என்றால் யாரும் திறக்கக் கூடாது. மஞ்சள் டேப் என்றால் திறக்கலாம், ஆனால் கேள்வி கேட்கக் கூடாது. பக்கத்தின் மூலை மடித்திருந்தால் "என்னோடு பேசு" என்று பொருள். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்தால் முதலில் உன்னிடம்தான் கேட்பேன், நோட்டிடம் அல்ல என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ உங்க பக்கத்துக்கும் டேப் உண்டா?" என்றாள்.

உண்டு என்றேன். அன்றிரவே ஒரு பக்கத்தை ஒட்டினேன். வேலையிடத்து மனத்தாங்கல் ஒன்று, அவளுக்குத் தேவையில்லாதது. அன்றிலிருந்து தன் அம்மாவிடம் நச்சரிக்கிறாள், அப்பா என்னதான் எழுதியிருக்கிறார் என்று.

ஏப்ரல் 19

காய்ந்த பூ, விதை ஒட்டுவது பற்றிச் சுருக்கமாக.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய மல்லிகையைத் தாளுக்கிடையில் அழுத்தினால் பழுப்பாகிவிடும், மணமும் போய்விடும். காகிதப்பூ நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். தாழ்வாரத் தொட்டிகளில் வேண்டிய அளவு உதிர்ந்து கிடக்கிறது. பூங்காவில் பறிக்காதீர்கள், சட்டப்படிக் குற்றம். அழுத்தும் தாளை அடிக்கடி மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

சாகா என்று இங்கே சொல்லும் சிவப்பு விதை ஒட்டியிருக்கிறோம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முழுச் சிவப்பாக, பளபளவென்று தட்டையாக இருந்தால் அது மஞ்சாடி, பயமில்லை; முன்பு பொன் நிறுக்கப் பயன்பட்ட விதை. சிவப்பில் கறுப்புக் கண் இருந்தால் அது குன்றிமணி. அதன் உள்ளே இருக்கும் அப்ரின் கடும் நஞ்சு. மென்றாலோ துளை போட்டாலோ ஆபத்து. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் எதையும் ஒட்டாதீர்கள்.

மே 11

தமிழில் எழுதவைக்கிறேனா என்று இரண்டு பேர் கேட்டாயிற்று.

இல்லை. அவள் ஆங்கிலத்தில் எழுதுகிறாள், நான் தமிழில் எழுதுகிறேன். முதலில் என் பக்கத்தைப் பாட்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இப்போது தானே எழுத்துக் கூட்டுகிறாள், ஏனென்றால் பாட்டி படித்தால் விஷயம் அம்மா காதுக்குப் போய்விடுகிறது. படத்துக்குத் தலைப்பு சில சமயம் தமிழில் வருகிறது. ல, ள, ழ மூன்றும் இஷ்டம்போல் இடம் மாறும். நான் கை வைப்பதில்லை. அதே சொல்லை என் பக்கத்தில் பேச்சோடு பேச்சாகச் சரியாக எழுதிவிடுவேன். இதுவும் திருத்தம்தானே என்று மனைவி கேட்கிறாள். திருத்தம்தான். சட்டத்தில் ஓட்டை இருந்தால் நுழைவோம், வேறென்ன.

ஜூன் 8

விடுமுறையில் தேசியக் கலைக்கூடம் போனோம். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்த கட்டடம், 2015-இல் திறந்தது. நிரந்தரக் கூடங்களுக்குக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. நிறையப் படம் பார்க்கவைத்தால் பிள்ளைக்குக் கால் வலிக்கும், ஒன்றும் தங்காது. ஓவியர் ஜார்ஜெட் சென்னின் சுய உருவப் படத்துக்கு முன்னால் மட்டும் நெடுநேரம் நின்றாள். "இவங்க சிரிக்கவே இல்லையே" என்றாள். எம்ஆர்டி ரயிலில் திரும்பி வரும்போது தன் முகத்தைச் சிரிக்காமல் வரைந்தாள். அதற்குமுன் அவள் வரைந்த முகம் ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு இருக்கும், சூரியனுக்குக்கூட.

ஜூன் 15

அவளுக்குத் தனி நோட்டு வேண்டும் என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தாயிற்று, அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பொது நோட்டு மெதுவாகப் போகிறது, சில வாரம் பாட்டியின் கோலம் மட்டும்தான். வருத்தமா என்றால், கொஞ்சம் உண்டு. நல்லதுதானே என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நாளில் தோன்றுகிறது.

ஜூன் 16

ஜூரோங்கிலிருந்து எழுதியவருக்கு: பையன் வரைய மாட்டேன் என்கிறான், பந்தாட்ட ஸ்கோர் மட்டும் எழுதுகிறான் என்கிறீர்கள். எழுதட்டும். எதிர்ப்பக்கத்தில் நீங்கள் தோற்ற அணியின் கோல்கீப்பர் முகத்தைப் போடுங்கள், தாளைப் பார்க்காமல். அவனுக்குப் பொறுக்காது, மூக்கைச் சரிசெய்யவாவது பென்சிலை எடுப்பான். உங்கள் பக்கத்தில் அவன் கை வைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நோட்டு சுருள் கம்பியில் இருக்கட்டும், டிக்கெட் ஒட்ட ஆரம்பித்தால் தடிக்கும்.